ராத்திரி 2 மணி வீட்டைப் பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கு



அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காகக் கேமரா வாங்கி அனுப்புகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்குக் குரலாக மட்டும் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு கேமராவின் படத்தை அனுப்பி, "இது நல்லாருக்குமாண்ணே?" என்று கேட்பீர்கள். நான் பதில் தட்டி முடிப்பதற்குள், "ஆர்டர் போட்டுட்டேண்ணே, வியாழக்கிழமை வந்துடும்" என்று அடுத்த செய்தி விழும். பார்சல் உங்கள் வீட்டுக்குப் போகும். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். காவிரிக்கரை ஊர்களில் என்னைப் போன்றவர்களுக்கு இன்று சோறு போடுவது கடைக்காரர்களின் கேமராக்கள் மட்டும் இல்லை. பாதிக்குப் பாதி உங்கள் பெற்றோரின் வீடுகள்தான்.

உங்கள் அக்கறையைச் சந்தேகப்படவில்லை. அக்கறை இல்லாதவன் எதற்குக் காசு செலவழிக்கப் போகிறான்? ஆனால் நீங்கள் வாங்கி அனுப்புகிற பொருளுக்கும் உங்கள் வீட்டில் நடப்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கேமரா என்றதும் உங்களுக்குத் திருடன் நினைவுக்கு வருகிறான். திருடன் வருவது எப்போதோ ஒரு நாள். உங்கள் அப்பா ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போவது தினமும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு உங்களுக்கு மறந்திருக்காது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அதையும் தாண்டிக் கொல்லைப்புறம். படுப்பது கூடத்தில், கழிப்பறை கொல்லையில். நடுவில் இரண்டு வாசற்படி, ஒரு தாழ்வாரம், மழைக்காலத்தில் பாசி பிடித்த ஒரு தரை. எழுபது வயதுக்கு மேல் விழுகிறவர்கள் இந்த வழியில்தான் விழுகிறார்கள். நீங்களோ தெருவாசலில் ஒன்று, கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே ஒன்று என்று மாட்டச் சொல்கிறீர்கள். அம்மா சீரியல் பார்ப்பது துல்லியமாகத் தெரியும். அப்பா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவது தெரியாது.

இங்கே ராத்திரி 2 மணி என்றால் நியூஜெர்சியில் இருக்கிறவருக்கு முந்தைய நாள் பிற்பகல் மூன்றரை, கோடைக்காலமானால் நான்கரை. ஆபீசில் காபி குடித்துக்கொண்டே நீங்கள் போனைத் திறக்கும் நேரம் அது. நீங்கள் விழித்திருந்து பார்க்கிற நேரத்தில் பாதி இந்த வீட்டின் ராத்திரி. அப்படியிருக்க, வாங்கும்போது நீங்கள் நம்புவதெல்லாம் வெயிலில் எடுத்த விளம்பரப் படத்தைத்தான்.

முதலில் மெகாபிக்சல். உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை, இருந்தாலும் இன்னொரு முறை. 2 மெகாபிக்சலைவிட 5 நல்லது, 5-ஐவிட 8 நல்லது என்பது பகல் கணக்கு. சோனி நிறுவனம் செய்யும் இரண்டு சென்சார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎம்எக்ஸ்327 என்பது 2 மெகாபிக்சல். ஐஎம்எக்ஸ்335 என்பது 5 மெகாபிக்சல். இரண்டும் 1/2.8 அங்குல அளவுதான். அதே இடத்தில் அதிகப் புள்ளிகளை அடைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்தாக வேண்டும். முன்னதில் ஒரு புள்ளியின் அகலம் 2.9 மைக்ரான், பின்னதில் 2 மைக்ரான். பரப்பாகக் கணக்கிட்டால் பாதிக்கும் கீழே. ஒரு புள்ளியில் விழும் வெளிச்சமும் அந்த அளவுக்குக் குறையும். பகலில் இது ஒரு பொருட்டே இல்லை. ராத்திரியில் அந்தக் குறைவைச் சரிக்கட்ட கேமரா சமிக்ஞையைப் பெருக்கும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அந்தக் கொதிப்பை அழிக்க உள்ளே இருக்கும் மென்பொருள் படத்தை வழித்தெடுக்கும். கடைசியில் அம்மாவின் முகம் மெழுகில் செய்ததுபோல் ஆகிவிடும். அதனால்தான், வீட்டுக்குள் மாட்டுவதற்குக் கொஞ்சம் பெரிய சென்சார் உள்ள 2 அல்லது 3 மெகாபிக்சல் போதும் என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சின்ன எண்ணைச் சொன்னால் மட்டமான சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைக்கிறீர்கள். என்ன செய்வது?

அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும்: லென்ஸின் எஃப் எண். எண் சிறியதாக ஆக ஆக வெளிச்சம் அதிகம். எஃப்2.0 லென்ஸைவிட எஃப்1.6 ஒன்றரை மடங்கு வெளிச்சம் வாங்கும், எஃப்1.0 நான்கு மடங்கு. மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள். பெட்டியில் சென்சார் அளவும் இல்லை, எஃப் எண்ணும் இல்லை, "அல்ட்ரா நைட் விஷன்" என்று மட்டும் தங்க எழுத்தில் இருக்கிறதென்றால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது லக்ஸ் என்ற வெளிச்ச அளவு. 0.01 லக்ஸ், 0.001 லக்ஸ் என்று போட்டிருப்பார்கள். முழுநிலவு வெளிச்சமே சுமார் கால் லக்ஸ்தான். அப்படியானால் இந்தக் கேமரா நிலா இல்லாத ராத்திரியிலும் பார்க்கும்போலிருக்கிறதே என்று மலைப்பீர்கள். எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து அந்த எண்ணை வாங்கினார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கால் விநாடி திறந்து வைத்தால் எந்தச் சாதாரணக் கேமராவும் இருட்டில் அழகாகத்தான் படமெடுக்கும், நாற்காலியையும் பீரோவையும். நடக்கிற மனிதர் மட்டும் புகைபோல் இழுபட்டுப் போவார். நீங்கள் பார்க்க வேண்டியது பீரோவையா?

ஆகவே ராத்திரியில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ராத்திரியில் ஒருவர் நடக்கும் வீடியோவைக் கேளுங்கள். அதை நடுவில் நிறுத்துங்கள். நிறுத்திய படத்தில் கால் எங்கே வைக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் வாங்கலாம். உள்ளூர்க் கடை என்றால் இன்னும் எளிது. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் நீங்களே நடந்து பாருங்கள். அணைக்க மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

சிலர் பழைய லேப்டாப்பையும் ஒரு வெப்கேமையும் வைத்தே சமாளித்துவிடலாம் என்று யோசிக்கிறீர்கள். வீடியோ காலுக்காகச் செய்த வெப்கேம், எதிரே முகமும் தலைக்கு மேல் ட்யூப்லைட்டும் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்ட பொருள். அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று அதன் லென்ஸுக்குப் பின்னால் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும். அதனால் பக்கத்தில் அகச்சிவப்பு விளக்கு வாங்கி வைத்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. லேப்டாப் இரவு பகலாக ஓட வேண்டும். யூஎஸ்பி ஒயர் 5 மீட்டருக்கு மேல் போனால் தகராறு. பழைய செல்போனைச் சார்ஜரிலேயே போட்டு ஜன்னலில் சாத்தி வைக்கும் யோசனையும் வேண்டாம். மாதக்கணக்கில் சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்த ஆபத்து எதற்கு?

வீட்டுக் கண்காணிப்புக்கென்றே செய்யும் கேமராவில் அந்த வடிகட்டி நகரும். சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, வடிகட்டி விலகுகிற சத்தம் அது. அதன்பின் கேமரா தன்னைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொண்டு கறுப்பு வெள்ளையில் பார்க்கும். இந்த விளக்குகளில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் அலைநீள வகையின் ஒளி அதிக தூரம் போகும். இருட்டில் மங்கலாகச் சிவப்பாகத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தூரம் குறைவு. தெருவாசலுக்கும் கொல்லைக்கும் 850 சரி. படுக்கும் கூடத்தை ஒட்டிய வழியில் 940 வாங்குங்கள். ராத்திரி கண் விழித்ததும் சுவரில் சிவப்பாக எதுவோ முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

அகச்சிவப்பு வந்துவிட்டால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கொசு இருக்கிறது. கொசுவலை இல்லாமல் உங்கள் அம்மா படுக்க மாட்டார். வெள்ளைக் கொசுவலையில் அகச்சிவப்பு பட்டால் அத்தனையும் திரும்பிவரும். உங்களுக்குத் தெரிவது ஒரு வெள்ளைத் துணி மட்டுமே. கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை எல்லாவற்றுக்கும் இதே கதி. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்துத் தெருவைப் பார்க்க நினைத்தால், கண்ணாடியில் அதன் விளக்கே அதன் கண்ணைக் குருடாக்கும். பக்கத்துச் சுவருக்கு மிக அருகில் மாட்டினால் சுவர் பளீரென்று தெரியும், தூரம் கறுத்துப்போகும். கேமராவின் இளஞ்சூட்டுக்கும் விளக்குக்கும் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சிலந்தி லென்ஸின் மேலேயே வலை கட்டும். ஐப்பசி மழைக்கு ஈசல் கிளம்பினால் உங்கள் போனில் "ஆள் நடமாட்டம்" என்று ராத்திரி முழுக்க மணியடிக்கும். இரண்டு நாள் பார்ப்பீர்கள், மூன்றாம் நாள் அறிவிப்பையே நிறுத்திவிடுவீர்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் கேமராவைத் துடைக்க யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். விலை உயர்ந்த கேமராவைவிட அது பலன் தரும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: அகச்சிவப்பில் நிறங்களை நம்பக் கூடாது. கறுப்புச் சாயம் போட்ட சில துணிகள் வெள்ளையாகவே தெரியும். வெள்ளைச் சட்டைக்காரன் வந்தான் என்று வீடியோவைக் காட்டித் தெருவில் யார் மேலும் பழி போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் மருந்தாக இப்போது ராத்திரியிலும் கலரில் காட்டும் கேமராக்கள் வந்திருக்கின்றன. பெரிய லென்ஸோடு வெள்ளை விளக்கும் வைத்திருப்பார்கள். ஆள் அசைந்தால் விளக்கு பளிச்சென்று எரியும். கொல்லைப்புறத்துக்கு அருமையான பொருள். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அரைத்தூக்கத்தில் எழுந்து வரும் வயதானவர் கண்ணில் அந்த வெளிச்சம் அடித்தால் சில நொடிகளுக்குப் படியும் தெரியாது, சுவரும் தெரியாது. விழாமல் காக்க மாட்டிய பொருளே தள்ளிவிடும்.

உலகத்தின் முதல் வெப்கேம் எதைப் பார்த்தது தெரியுமா? 1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ஒரு காபிப் பானையைப் பார்த்தது. மாடி ஏறிப் போய்ப் பானை காலியாக இருப்பதைக் கண்டு ஏமாந்த ஆராய்ச்சியாளர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. 1993-ல் அது இணையத்துக்கு வந்தபின் உலகம் முழுவதும் ஆட்கள் அந்தப் பானையை எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பகலாக இருக்கும்போது கேம்பிரிட்ஜில் ராத்திரி, பானை தெரியவில்லை. ராத்திரியில் விளக்கை எரிய விடுங்களேன் என்று ஜப்பானிலிருந்து கேட்டு எழுதினார்களாம். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அதைவிட நல்ல யோசனை எனக்குக் கிடைக்கவில்லை.

விளக்கைப் போடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், மஞ்சள் வெளிச்சமுள்ள சின்ன விளக்குகள். ஆள் அசைந்தால் தானாக எரிகிற வகை கிடைக்கிறது; அதில் மெதுவாகப் பிரகாசமாகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதெல்லாம் வேண்டாமென்றால் தாழ்வாரத்தில் ஒரு 5 வாட் எல்.இ.டி. பல்பை ராத்திரி பத்து மணி நேரம் எரிய விடுங்கள். மாதத்துக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம். கேமரா கலரிலேயே பார்க்கும், சாதாரண கேமராவும் போதும். அதைவிட முக்கியம், அப்பாவுக்கும் படி தெரியும். வயதான கண்ணுக்கு உங்கள் கண்ணைவிட அதிக வெளிச்சம் வேண்டும் என்பதை எந்தக் கண் மருத்துவரும் சொல்வார். இருட்டில் பார்க்கும் கேமராவுக்கு ஆறாயிரம் கொடுத்துவிட்டு, அப்பாவை அந்த இருட்டிலேயே நடக்கவிடுகிறீர்களே என்பதுதான் என் மிகப் பெரிய வருத்தம்.

எங்கே மாட்டுவது என்பதிலும் நீங்கள் பெட்டியைத்தான் நம்புகிறீர்கள். ஒரே கேமரா வீடு முழுக்கக் காட்ட வேண்டும் என்று அகன்ற கோணம் கேட்கிறீர்கள். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 100 டிகிரி பார்க்கும். ஒருவரை இன்னார் என்று சந்தேகமில்லாமல் அடையாளம் காண, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி. கணக்குப் போட்டால், அந்தக் கோணத்தில் மூன்று மீட்டர் தூரம் வரைதான் முகம் உறுதியாகத் தெரியும். பத்து மீட்டரில் ஆள் இருக்கிறார் என்பதும் என்ன செய்கிறார் என்பதும் தெரியும், அவ்வளவே. தெருவாசலுக்கு முகம் முக்கியம். 4 மில்லிமீட்டரோ 6 மில்லிமீட்டரோ வாங்கி வாசற்படியை மட்டும் பாருங்கள். உள்வழிக்கு முகம் எதற்கு? உங்கள் அப்பாவை உங்களுக்கு அடையாளம் தெரியாதா? நிற்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று தெரிந்தால் போதும். முற்றத்தைப் பார்த்தபடி கூடத்தில் மாட்டுவதானால் மட்டும் டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முற்றத்து வெயிலுக்கு எதிரே மனிதர்கள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார்கள்.

சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கேமராக்கள் மீது உங்களுக்கு அப்படி என்ன மோகம்? நீங்கள் கடைசியாகச் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். விழுவது தாழ்வாரத்தில் நடக்கும். அது திரும்பும்போது எழும் 'கிர்ர்' சத்தம் வேறு. பையன் பார்க்கிறான் என்று அம்மா அவசரமாக மாராப்பைச் சரிசெய்துகொள்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சொந்த வீட்டில், மத்தியானம் மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டிப் படுக்கிற உரிமை அவர்களுக்கு இல்லையா?

அதிலும் மோசம் அந்தக் கேமராவிலிருந்தே பேசுவது. உங்களுக்குப் பிற்பகல், அவர்களுக்கு நடுராத்திரி. "ஏம்மா எழுந்திரிச்சீங்க?" என்று சுவரிலிருந்து குரல் வருகிறது. தூக்கிவாரிப் போடாதா? பேச வேண்டுமென்றால் போனில் கூப்பிடுங்கள். எடுக்கவும் எடுக்காமல் இருக்கவும் அவர்களால் முடியும்.

இப்போது மடலின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்ணே, வைஃபை ரிப்பேர்னு சொல்லி மாட்டிடுங்க" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். "பாத்துக்க வர்ற பொம்பளை மேல ஒரு சந்தேகம், அந்தப் பொண்ணுக்குத் தெரியாம பெட்ரூம்ல ஒண்ணு வைங்க" என்கிறீர்கள். இரண்டையும் நான் செய்வதில்லை. பார்த்துக்கொள்ள வருகிற அந்தப் பெண் உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டுகிறவர், சேலை மாற்றுகிறவர். தானும் அதே அறையில் உடை மாற்றுகிறவர். சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'என் வீட்டில் நான் மாட்டுகிறேன்' என்ற வாதமும் நிற்காது. உடன் வசிப்பவர்களின் சம்மதமில்லாமல் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைப்பது அவர்களின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். உங்கள் படிப்புக்காக நகையை அடகு வைத்தபோது உங்களிடம் மறைத்தவர்தான் உங்கள் அம்மா. பதிலுக்கு அவரிடம் நீங்கள் மறைப்பது இதுவாகவா இருக்க வேண்டும்?

நீங்கள் பார்ப்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பதிவான பெண்களின் காட்சிகள் இணையத்தில் விற்கப்படுவது வெளியே வந்தது. அந்தக் கேமராக்களின் கடவுச்சொல் 'அட்மின்123' ஆக இருந்தது என்று பின்னர் செய்தி வந்தது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியதும் கம்பெனி போட்டுத் தந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான். 2024-ல் வைஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பதின்மூன்றாயிரம் வாடிக்கையாளர்களுக்கு வேறு வீடுகளின் படங்கள் தங்கள் செயலியில் வந்து நின்றன. அங்கே திருடனே இல்லை, நிறுவனத்தின் கோளாறு. கடவுச்சொல்லை நீளமாக மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், என்னிடமும் அதைச் சொல்லாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. வாங்கும் மாடலுக்கு அந்தச் சான்று உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மற்றபடி, படுக்கையறையில் கேமரா இல்லாவிட்டால் படுக்கையறைக் காட்சி கசியாது.

பதிவு, மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் நாள் முழுக்கப் பதிந்தால் தினமும் 21 ஜிபிக்கு மேல் ஆகும். 128 ஜிபி அட்டை ஆறு நாளுக்குக் கூடத் தாங்காது. வீட்டுக்குள் அதுவே அதிகம் என்பது என் கருத்து. கண்காணிப்புக்கென்றே 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட அட்டையாக வாங்குங்கள், மற்றவை சீக்கிரம் தேய்ந்துபோகும். கேமரா, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். கேமராவை மட்டும் போட்டுவிட்டு ரவுட்டரை விட்டுவிட்டால், கரண்ட் போன ராத்திரியில் கேமரா விழித்திருக்கும், உங்களுக்கு ஒன்றும் வராது.

எல்லாம் சரியாக அமைந்து, ராத்திரி 2 மணிக்கு அப்பா விழுந்ததை நீங்கள் பார்த்தும்விட்டீர்கள் என்று வையுங்கள். அப்புறம்? ஓடுவது யார்? 108-க்கு வேறு மாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கூப்பிட்டு இடத்தைச் சொல்லிப் புரியவைக்கும் பாடு பட்டவர்களைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? அவனிடம் சாவி இருக்கிறதா? சாவி இருந்தாலும், உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிற வழக்கம் உங்கள் அம்மாவுக்கு இருந்தால் சாவி எதற்கு ஆகும்? நான் மாட்டப்போகும் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் பிள்ளைகள் அபூர்வம். வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டு ஒன்றைப் பின்கதவில் போட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதற்குக் கேமராவில் பாதி செலவுகூட ஆகாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த பார்சலை ஆர்டர் போடுவதற்கு முன் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு வசதியான நேரத்தில், உங்களுக்கு நடுராத்திரி ஆனாலும். "கேமரா மாட்டலாமா?" என்று கேட்டால், பிள்ளை மனம் நோகக் கூடாதென்று சரி என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "எந்த இடத்தில் மாட்டினால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது? எந்த நேரத்தில் நான் பார்க்கக் கூடாது?" என்று கேளுங்கள். பார்த்துக்கொள்ள வருகிறவர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். ஒரு வீட்டில் அம்மா தாழ்வாரத்தைச் சொல்வார், இன்னொரு வீட்டில் அப்பா கொல்லைக் கதவைச் சொல்வார், சிலர் ஒன்றுமே வேண்டாம், தினம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணு போதும் என்பார்கள். அதுவும் பதில்தான், எனக்கு ஒரு வேலை போனால் போகட்டும்.

சரி என்று இடம் சொன்னவர்களின் வீட்டில், கேமராவுக்குப் போகும் லைனில் ஒரு சாதாரண ஸ்விட்சைப் போட்டுக்கொடுக்கிறேன். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், ஃபேன் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே. விருந்தாளி வந்தாலோ, மருமகளோடு மனம்விட்டுப் பேச நினைத்தாலோ, வெறுமனே உங்கள் மேல் கோபம் வந்தாலோ அவர்கள் அணைத்துக்கொள்ளலாம். அணைந்திருந்தால் உடனே எனக்குப் போன் போட்டு "கேமரா ஆஃப்லைன்னு காட்டுதுண்ணே, போய்ப் பாருங்க" என்று விரட்டாதீர்கள். அரை நாள் பொறுங்கள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள்.

தரைவிளக்குகளையும் அதே பார்சலில் சேர்த்து அனுப்பிவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் அவற்றைத்தான் மாட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் ஏணி வைத்திருக்கும் கேமராக்காரன்